சுத்த ஈயம்

எண்பதுகளில் என் கணவர் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒரு நாளைக்கு மூன்று நடை. அவருக்கு பிரஷர் என்று தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் எனக்குத்தான் தலை சுற்றியது. வளைவில் மயங்கினால் அவர் மட்டுமா போவார்? பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும்தானே?

மாத்திரைக்கு பிரஷர் இறங்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. உப்பைக் குறைத்தேன், கறியை நிறுத்தினேன், எஸ்டேட் மிளகைத் தட்டிப் போட்டுப் புளி ரசம் வைத்தேன். அதற்கென்றே ஓர் ஈயச் சொம்பு. பழைய பித்தளை அண்டாவைக் கொடுத்து, தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் மாற்றி வாங்கியது. சுத்த ஈயம் என்று அவர் அடித்துச் சொன்னார். கல்லாகக் கனக்கும். அக்கம்பக்கத்தில் எல்லோருடைய சொம்பும் ஒருமுறையாவது அடுப்பில் உருகி ஓட்டையாகியிருக்கிறது. என்னுடையது மட்டும் அப்படியே இருந்தது. என் கைப்பக்குவம் என்று நான் பீற்றிக்கொள்ளாத வீடில்லை.

அவருக்கு ரசமே பிடிக்காது. வயிறு வலிக்கிறது என்று டம்ளரைத் தள்ளுவார். நான் விடுவேனா?

"ஏனுங்க, மூச்சப் புடிச்சுக் குடிச்சுப்போடுங்க. நெஞ்சுக்கு நொம்ப நல்லது" என்பேன். குடித்து முடிக்கும்வரை நகர மாட்டேன். வயிற்று வலி அதிகமானால் இன்னொரு டம்ளர் ஊற்றுவேன்.

ஒரு நாள் காலை, பதினான்காவது வளைவில் அவருக்குக் கண் இருட்டிவிட்டது. எப்படியோ பஸ்ஸை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. 

மறுநாள் சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றார். வாயைத் திறக்கச் சொன்னார். ஈறோரம் கறுப்பாக ஒரு கோடு. எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டார். பாத்திரக்காரர் கொடுத்த சுத்த ஈயச் சொம்பில் தினமும் இரண்டு டம்ளர் ரசம் என்று பெருமையாகச் சொன்னேன். சொம்பைக் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுபோனோம். அதன் விளிம்பை ஒரு வெள்ளைத்தாளில் தேய்த்தார். பென்சில் கோடு போல விழுந்தது.

"அந்த ஆள் பொய் சொல்லலைம்மா, இதுவும் ஈயந்தான். ஆனா ரசத்துக்கு வெக்கிறது வெள்ளீயம். இது காரீயம்."

அதனால்தான் இந்தக் கனம், அதனால்தான் லேசில் உருகவில்லை என்றார். என் கைப்பக்குவம் அவ்வளவுதான். புளி அதைக் கரைக்கும். ரத்தத்தில் சேர்ந்தால் குழாய்கள் இறுகி பிரஷர் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளித்தான் இதயம் தடித்திருக்கிறது என்று விளக்கினார். சொம்பை ஒழித்தால் பிரஷர் ஓரளவு இறங்கலாம். இதயம் பழையபடி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. மலையில் பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டும்.

அந்த மனிதருக்கு அந்த ஸ்டியரிங்கைத் தவிர வேறு ஆசை கிடையாது. 

டாக்டர் நிமிர்ந்தார். தினமும் இரண்டு டம்ளரா, யார் இவ்வளவு குடிக்கச் சொன்னது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க கேட்டு வாங்கிக் குடிச்சேன். எனக்கு ரசம்னா உசுருங்க."