பாஸ்வேர்டு சரிதான், உள்ளேதான் விடவில்லை

கல்யாண லீவு முடிந்து புதூர்நாட்டுப் பள்ளிக்கு நான் திரும்பிய வாரம் அது. ஆபீஸ் ரூமிலிருந்த ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டர் காலையிலேயே மக்கர் பண்ணியது. பாஸ்வேர்டு அடித்தால் திரை ஒரு கணம் இருண்டுவிட்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. தப்பாக அடித்தாலாவது 'தப்பு' என்றது. சரியாக அடித்தால் ஒரு வார்த்தை இல்லை. அதிலிருந்த மாணவர் பட்டியல் மாலைக்குள் கல்வி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

என் கணவர் போளூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். ஆனால் எங்கள் பள்ளியில் தண்ணீர் டேங்க் அடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். கணக்கு டீச்சரைக் கீபோர்டு முன் உட்கார வைத்துவிட்டு, போனோடு டேங்குக்கு ஓடினேன். அவர் சொல்வதை நான் கத்துவேன். டீச்சர் ஜன்னல் வழியாகப் பதில் கத்துவார்.

"கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. எல்லாத்தையும் சேத்து அமுக்கச் சொல்லு."

"ஐயோ, கறுப்பா பூட்ச்சி டீச்சர்! வெறும் எழுத்துதான் நிக்குது!"

"அதான் வேணும்," என்றார் கணவர்.

அந்தக் கறுப்புத் திரையில் அதே பாஸ்வேர்டு உடனே வேலை செய்தது. அடுத்து டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை.

"நூறு பெர்சன்ட்!" என்று டீச்சர் கத்தியதும், யாரோ நூறு வாங்கிவிட்டார்கள் என்று ஏழாம் வகுப்பு மொத்தமும் கைதட்டியது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லாகின் ஆகும்போது கம்ப்யூட்டர் ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைக்குமாம்; எழுத இடமில்லாததால்தான் நம்மைத் திருப்பி அனுப்புகிறதாம். இடத்தை அடைத்திருப்பது எது? அதையும் தேடச் சொன்னார் கணவர். டீச்சர் ஃபைல் பெயர்களை ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்.

"கல்யாணம் ஒண்ணு! கல்யாணம் ரெண்டு! டீச்சர், உங்களுக்கு மொத்தம் ஏழு கல்யாணம்!"

போனில் கணவர் பதறினார். "ஏழா? நான் ஒருவாட்டிதான தாலி கட்னேன்?"

ஒப்புக்கொண்டேன். எல்லாருக்கும் காட்டலாமென்று முந்தின நாள் பென் டிரைவிலிருந்து எங்கள் கல்யாண வீடியோவை ஏற்றினேன். ஏறியதாகவே தெரியவில்லையென்று மறுபடி மறுபடி ஏற்றித் தொலைத்திருக்கிறேன்.

"இன்னாங்க பண்றது இப்ப?"

"ஆற அழிச்சிட்டு ஒண்ண வெச்சிக்கோ. அதுலயாவது மாப்ள நான்தானான்னு பாத்துக்கோ."

அழித்தோம். டீச்சர் மெஷினை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தார். நான் மூச்சிரைக்க ஓடிவந்து பாஸ்வேர்டு அடித்தேன். திரை இருண்டது, பிறகு பளிச்சென்று திறந்தே விட்டது! இருவரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். அந்நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

"இன்னா, ரெண்டு பேருக்கும் இன்க்ரிமென்ட் வந்துட்ச்சா?"

இருவரும் அவசரமாக மாணவர் பட்டியலைத் திறந்தோம். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.