ஐரிஸ் தொட்டியில் கம்பு

குளிர் நாட்டில் குடியிருக்கும் எங்கள் மகள் போன முறை வந்தபோது, அவள் வீட்டு வாசலில் பூத்த ஐரிஸ் செடியின் விதைகளைக் கொண்டுவந்து தந்தாள். மிளகைவிடச் சற்றுப் பெரியவை. “மதுர வெயிலுக்கு வராதுப்பா” என்று சொல்லியேதான் தந்தாள். வராதா? கோச்சடை மொட்டை மாடியில் நான் வளர்க்காத செடியா! வீராப்பாக வாங்கி வைத்தேன். அவள் ஊர் திரும்பி, மாசமாக இருப்பதாகப் போனில் சொன்ன அன்று, அந்தச் சந்தோஷத்தில் விதைகளைத் தொட்டியில் ஊன்றினேன்.

என் மனைவி அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரி. ஊர்ப் பொங்கலுக்கு முளைப்பாரி போட்ட கை. நவதானியத்தைத் தூவி, இருட்டறையில் வைத்து, ஒன்பதே நாளில் முழ உயரம் வளர்த்துவிடுவாள். பத்தாம் நாள் என் தொட்டியை எட்டிப் பார்த்தாள். வெறும் மண். முகம் வாடிப்போனது.

அடுத்த வாரமே பச்சைப் பசேலென்று முளை! எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய், கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் ஒருவர் விடாமல் காட்டினேன். விவசாயம் பார்க்கும் கூட்டாளி ஒருவன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“மாப்ள, இது கம்புடா. எங்க காட்டுல அம்புட்டு கெடக்கு, வந்து அள்ளிக்க.”

பட்டறையே சிரித்தது. மானம் போச்சு. கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“நீதான தொட்டியில கம்பு போட்ட?” என்றேன் மனைவியிடம்.

“ஆமா, நாந்தான். பிள்ள மாசமா இருக்கா. அவ கையால குடுத்த வெதை முளைக்காமக் கெடந்தா எனக்கு நெஞ்சு பதறாதா?”

முளைப்பாரி சரியாக வராத வீட்டுக்கு நல்லதில்லை என்று கேட்டே வளர்ந்தவள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மகளிடம் சும்மா கேட்பதுபோல் விசாரித்தேன். ஐரிஸ் விதைக்கு முதலில் குளிர் வேண்டுமாம். கம்பைப் பிடுங்கிப் போட்டு, மண்ணைக் கிளறி விதைகளைப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு மாதம். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மனைவி அந்தத் துணியைப் பார்ப்பாள். நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

மறுபடி ஊன்றிய மூன்றாம் வாரம், ஒரே ஒரு முளை. ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நெசமாச் சொல்லுங்க. நீங்க எதும் தூவலயே?”

“அட, இல்லங்கிறேன்!”

“எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

மண் கையோடு அடித்துச் சத்தியம் செய்தேன். அப்புறம்தான் அழுதாள். அங்கே என்ன நேரம் என்றுகூடப் பார்க்காமல் மகளுக்குப் போன் போட்டு, “முளைச்சிருச்சுத்தா” என்றாள்.