கோட்டுப் பையில் இருந்த சீட்டு

எங்கள் சமஸ்தானத்துக்குக் கொடி இருந்தது, பேண்டு வாத்தியம் இருந்தது, மகாராஜாவை வாழ்த்த ஒரு பாட்டும் இருந்தது. ஓடத் தெரிந்த ஆள்தான் இல்லை. சுற்று வட்டாரத்துச் சமஸ்தானங்களும் ஜில்லாக்களும் மோதும் விளையாட்டுப் போட்டி மதுரையில் நடக்கப்போவதாகக் கடிதம் வந்தது. திவான் கச்சேரிக் குமாஸ்தாக்களில் உடம்பு கனத்தவன் என்ற தகுதியில் என்னைக் குண்டு எறியச் சொன்னார்கள். இங்கிலீஷில் மனு எழுதுவேன் என்பதால் அணிக்கு மானேஜரும் நான்தான்.

ஓட்டக்காரனை மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் எட்டாவது மைலில் பிடித்தோம். அவன் தாயார் எங்கள் எல்லைக்குள் பிறந்தவள். தேசபக்திக்கு அது போதும் என்று திவான் கருதினார்.

அந்தப் பக்கம் அப்போது கைரேகைச் சட்டம். பிறந்த சாதிக்காகவே ஆண்களின் விரல்களை மையில் அழுத்திப் பதிந்து வைத்திருந்தார்கள். இருட்டுமுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கேயே படுத்து எழ வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். போன இடத்தில் ஒரு பெரிய மனிதரிடம் அதில் கையெழுத்து வாங்கி, அந்தச் சீட்டோடு குறித்த பொழுதுக்குள் திரும்ப வேண்டும். அவன் வேலை பார்த்த தோட்டத்திலிருந்து ஸ்டேஷன் இரண்டு மைல். தினமும் மாடுகளைக் கட்டிவிட்டு ஓடுவான். கால் அப்படி வந்ததுதான். போட்டி மனுவில் ‘பயிற்சியாளர்’ என்ற இடத்தில் அந்த ஸ்டேஷன் ஏட்டையாவின் பெயரை எழுதியிருக்கலாம்.

போட்டியன்று காலையில், “சீட்டைக் குடு தம்பி. கமிட்டித் தலைவர்கிட்ட நானே கையெழுத்து வாங்கிடுறேன்” என்றேன்.

“நானே வச்சுக்கிறேண்ணே. கைய விட்டுப் போச்சுன்னா வம்பு.”

“பெறகு மானேஜர்னு நான் எதுக்கு இருக்கேன்?”

கொடுத்தான். தலைவர் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். அதைப் பத்திரமாகக் கோட்டின் உள்பையில் வைத்தேன். அணிவகுப்புக்கென்றே தைத்த கம்பளிக் கோட்டு. மதுரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, கொடிக்குப் பின்னால் ஐந்தே பேராக நடந்தோம்.

“ஏப்பா, மிச்ச ஆளுக பஸ்ஸ விட்டுட்டாகளா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

மூன்று மணிக்கு மைல் ஓட்டம் என்று போட்டிருந்தது. தலைமை விருந்தினர் வரவில்லை. மற்ற ஓட்டக்காரர்கள் கால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் எம்புட்டு நேரமாகும்ணே? சிம்மக்கல்லுல அஞ்சரைக்குக் கடைசி பஸ்ஸு. அத விட்டா நான் தொலைஞ்சேன்.”

“இதோ ஆச்சு.”

இப்படி மூன்று முறை சொன்னேன். நடுவில் என் முறை வந்தது. கோட்டைக் கழற்றிக் கூடாரத்தில் மாட்டிவிட்டுப் போய்க் குண்டை எறிந்தேன். என் கால் கட்டைவிரல் தப்பியது ஒன்றுதான் அதில் சொல்லிக்கொள்ளும்படியானது.

ஐந்து மணிக்கு மேல் ஓட்டம் தொடங்கியது. கடைசிச் சுற்றில் அவனுக்குப் பின்னால் யாரையும் காணோம். எல்லைக் கயிற்றை மார்பால் அறுத்தான். நிற்கவில்லை. அறுந்த கயிறு தோளில் தொங்க, அதே வேகத்தில் மைதானத்தைக் கடந்து வாசல் வழியே வெளியே போய்விட்டான்.

“இன்னொரு சுத்து இருக்குன்னு நெனச்சுட்டான்யா!”

கூட்டம் சிரித்தது. நான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன். அவன் சார்பில் கோப்பையை வாங்கக் கோட்டை மாட்டினேன். உள்ளே காகிதம் சரசரத்தது.

சிம்மக்கல்லுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டது. வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். நாகமலைப் பக்கம் வந்தபோதே சூரியன் இறங்கிவிட்டது. எதிரே ஒரு வண்டிகூட இல்லை. சைக்கிள் விளக்கும் எரியவில்லை.

ஸ்டேஷன் வளாகத்தில் ஆண்கள் வரிசையாகச் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. வரிசையில் ஒரு சாக்கில் மட்டும் ஆள் இல்லை. அவன் கம்பிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தான். மேலே எங்கள் சமஸ்தானத்துப் பனியன். கயிறு இன்னும் தோளில் கிடந்தது.

ஏட்டையா மரியாதையாகத்தான் பேசினார். “வாங்க, ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா?” சீட்டை லாந்தருக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “கையெழுத்தெல்லாம் சரிதான். ஆளும் பொழுதோட வந்துட்டான். ஆனா சீட்டு இல்லாம வெறுங்கையோடதான வந்தான்? ரிப்போர்ட்டு எழுதியாச்சு.”

“தப்பு என்னுது.”

“அதக் கோர்ட்ல சொல்லுங்க.”

கம்பிக்குப் பின்னாலிருந்து அவன் சொன்னான்: “கோட்டுப் பையில இருக்கு, அண்ணன் கொண்டாருவாருன்னு சொன்னேன். சிரிச்சாக.”

கோர்ட்டில் இலக்கணப் பிழையில்லாத இங்கிலீஷில் சாட்சி சொன்னேன். மாஜிஸ்திரேட் என் இங்கிலீஷைப் பாராட்டினார். அவனுக்கு மூன்று மாதம்.

அடுத்த வருஷமும் போட்டிக்குக் கடிதம் வந்தது. அவனை அழைத்து வரும்படி திவான் அனுப்ப, ஒரு சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன்.

“வாங்கண்ணே. கோட்டு போடலையா?” என்றான். சிரிக்கவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவன் மேற்கே பார்த்தான். மாடுகளை அவசரமாகக் கட்டினான். “பொழுதாச்சு, போறேன்” என்று வரப்பில் இறங்கி ஓடினான்.

இடது காலை இழுத்து இழுத்து ஓடினான். ஜெயிலில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. ஸ்டேஷன் அதே இரண்டு மைலில்தான் இருந்தது. சூரியன் பனைகளுக்கு மேலே ஒரு முழம்கூட இல்லை.