பிறந்த வீட்டுக் கோடி

செல்லப்பாண்டி தாராவிக்கு வந்து முப்பத்தோரு வருஷம். தோல்பை தைக்கிற கார்கானாவில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் விசாரித்தால் இதெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள், "கனகவள்ளி தம்பியா?" என்பார்கள். பிறந்த வீட்டில் மிஞ்சிய ஒரே ஆண் அவர்தான். அந்த ஊரில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டு ஆண் வந்து கோடிச்சேலை போர்த்தாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். "நீ வராம நான் பாடையேற மாட்டேம்ல" என்று அக்கா போனில் சொல்லிச் சிரிப்பாள்.

ஊரோ இப்போது முழுக்க வாட்ஸாப்பில் குடியிருக்கிறது. தண்ணீர் மோட்டார் ரிப்பேரா, கோயில் கொடையா, சாவுத் துட்டியா, எல்லாம் குரூப்பில்தான். போட்டாச்சென்றால் சொல்லியாச்சு! செல்லப்பாண்டி வீட்டில் ஒரே போன். மகள் ஷாலினியின் காலேஜ் ஆன்லைன் கிளாசுக்காக அது வீட்டிலேயே கிடக்கும். ஷாலினி தமிழ் பேசுவாள், படிக்க ஓரெழுத்து தெரியாது. ஆனாலும் வந்த மெசேஜுக்குப் பதில் போடாமல் விடமாட்டாள், அவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை.

புதன்கிழமை அவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள்: "ப்பா, இன்னிக்கு அத்தை பர்த்டேயா? மாரி அத்தான் ரெண்டு தடவ கால் பண்ணாரு. எக்ஸாம்ல இருந்தேன், கட் பண்ணிட்டேன். அப்புறம் குரூப்ல போட்டோ வந்துச்சு. தம்ஸ்-அப் போட்டுட்டேன்."

அக்காவுக்கு மாசியில் ஏது பிறந்தநாள்? போனை வாங்கிப் பார்த்தார். சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் அக்கா முகம். கீழே தமிழில் இருந்தது: 'அம்மா இன்று காலை காலமானார். செல்லப்பாண்டி மாமா சம்மதித்தால் மாலையே எடுத்துவிடுவோம்.' அதற்கடியில் அவர் பெயரில் ஒரு கட்டைவிரல்.

மகளிடம் ஒன்றும் சொல்லாமல் சந்துக்கு வந்து அக்கா மகன் மாரிசெல்வத்துக்கு அடித்தார்.

"எல்லாம் முடிஞ்சிட்டு மாமா. இப்பத்தான் குளிச்சிட்டு வாரோம்."

"நான் வராம எப்படிலே எடுத்திய?"

"கேட்டோம்லா! நீங்கதான் சரின்னு வெரலக் காட்டிட்டியளே. பிளைட்டப் பிடிச்சாவது வருவியன்னு ஐஸ் பெட்டிகூடச் சொல்லி வச்சிருந்தேன். கோடியில்லாமப் போறாளேன்னு ஊரே அழுதுச்சு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதப் போட்டது நீங்கதானா?"

செல்லப்பாண்டி திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் ஷாலினி மறுநாள் பரீட்சைக்குக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாந்தாம்லே" என்றார்.

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள்.