டுஃப்னர் வீட்டு லோனியும் சலங்கை பீரோவும்

லோனி டுஃப்னர் சரி என்று சொன்னால்தான் ஒரு ரெக்கார்டு பிளேயர் பெட்டிக்குள் போகும். ஹின்டர்பாக் ஊரில் முப்பத்தோரு வருஷம் அதுதான் சட்டம். தட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளுவாள். ஒரு மரக்குச்சியின் நுனியை, தட்டைத் தாங்கும் பேரிங் மேல் வைத்து, மறுநுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். தட்டு தானாக நிற்கும்வரை பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. நல்ல பிளேயர் என்றால், அது நிற்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் ஒரு ரொட்டியும் தொத்திறைச்சியும் தின்று கையைத் துடைத்துவிடலாம். அப்புறம் குச்சியை எடுத்துவிட்டுத் தலையாட்டுவாள். ஆட்டாவிட்டால் கழற்ற வேண்டியதுதான். அவள் புருஷன் செய்ததாக இருந்தாலும் கழற்ற வேண்டியதுதான்.

மருமகளாக வந்தபோது அவளுக்கு இந்த அதிகாரமெல்லாம் கிடையாது. ஞானஸ்நானப் பெயர் அப்பொலோனியா. அவ்வளவு நீளமாகக் கூப்பிட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. பதினாலு வயதிலிருந்து வீசன்டால் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவள். நூல் சுற்றும் கதிர் நானூறும் ஒன்றாகச் சுற்றி இரைகிற கூடத்தில், எந்தக் கதிருக்கு எண்ணெய் வற்றியிருக்கிறது என்று குச்சியைக் கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள். காது அந்த இரைச்சலில் ஏமாந்துபோகும், பல் ஏமாறாது. இந்த வித்தையைத்தான் சீதனமாகக் கொண்டுவந்தாள். கூடவே இரண்டு கம்பளி மெத்தையும்.

புருஷன் ஆய்கன் சாது. அவனுடைய தாத்தா கடிகாரச் சுருள்வில் செய்தவர். பிறகு சாவி கொடுத்தால் பாடுகிற கிராமபோன்களுக்கு மோட்டார் செய்தார். அவர் மகன், அதாவது லோனியின் மாமனார் சேவரின், மின்சாரத்துக்கு மாறினார். மோட்டாரில் ஒரு ரப்பர் சக்கரம். அது தட்டின் விளிம்பை உரசிச் சுற்ற வைக்கும். டுஃப்னர் பிளேயர் என்றால் நூறு வருஷம் உழைக்கும் என்று பெயர். உழைத்தது, உறுமிக்கொண்டே.

வந்த முதல் வாரமே லோனி மாமனாரிடம் கேட்டுவிட்டாள்.

“அப்பா, மோட்டார் உறுமுறது பாட்டுக்குள்ள வருதே?”

“அது உறுமல் இல்லம்மா. உயிர்.”

“எங்க மில்லுல கதிரைச் சக்கரம் தொடவே தொடாது. நடுவுல நாடாதான் ஓடும். மோட்டாரோட ஆட்டத்தையெல்லாம் அந்த நாடாவே முழுங்கிடும்.”

“இது பாட்டுப் பொட்டி. பாவாடைத் துணி நெய்யற எடம் இல்ல.”

சேவரின் அதோடு சூப்பைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். லோனி விடவில்லை. வேலை முடிந்த பிறகு மூன்று வருஷம் அவளும் ஆய்கனும் ஒரு பிளேயர் கட்டினார்கள். எட்டு கிலோ தட்டு. மோட்டார் தனியாக ஒரு மூலையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டு நாடா, அவ்வளவுதான். கிழவர் அந்த மேசைப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். ஆனால் யாரும் இல்லாத நேரத்தில் தட்டை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவார் என்பது பட்டறைக்கே தெரியும்.

இதெல்லாம் எழுபத்தெட்டாம் வருஷம் முற்றிப்போனது. பெரிய தொழிற்சாலைக்காரர்கள் மலிவாகப் பிளேயரை வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்ணி மீட்டர் செய்கிற கம்பெனி ஒன்று, பட்டறை முழுக்கத் தங்களுக்குப் பல்சக்கரம் வெட்டித் தரும்படி சேவரினைக் கேட்டது. கிழவர் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார்.

“டிசம்பர் முப்பது, ஹாம்பர்க்கிலேர்ந்து வியாபாரி வீகாண்ட் வர்றார். ஒன்னோட நாடா வண்டியக் கேக்கட்டும். அவருக்குப் பிடிச்சா நடத்து. பிடிக்கலன்னா ஜனவரி ரெண்டு, தண்ணி மீட்டருக்குக் கையெழுத்து.”

“சரி” என்றாள் லோனி. மூன்று வருஷ உழைப்பும் பட்டறையும் அந்த ஒரு நாளில் போய் நின்றன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாடியில், பாட்டுக் கேட்டுச் சரிபார்க்கும் அறையில் பிளேயரை வைத்து, ஆர்கன் வாசித்த ரெக்கார்டு ஒன்றைப் போட்டார்கள். பாட்டு அடிமட்டத்துக்கு இறங்குகிற இடத்தில் எங்கோ மெல்லிசாகச் ‘சில்’ என்றது. மறுபடி போட்டார்கள். மறுபடி சில்.

“பேரிங் அழுவுது” என்றார் சேவரின். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

லோனி பதினோரு தடவை பேரிங்கைக் கழற்றி மாட்டினாள். ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாவது தடவை ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியைக் கடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். அடுப்பைத் தொட்டாள், ஜன்னலைத் தொட்டாள், நாற்காலியைத் தொட்டாள். கடைசியில் மூலையிலிருந்த ஓக் மர பீரோவைத் தொட்டாள். பல் கூசியது. அங்கேதான்.

பீரோவுக்குள், தவக்காலத்துக்கு முன்னால் வரும் கோமாளித் திருவிழாவுக்கான டுஃப்னர் வீட்டு உடுப்புகள் மர முகமூடியோடு தொங்கின. ஒவ்வொன்றிலும் தோள்வார் நிறையச் சலங்கை. வீட்டிலேயே ஈரம் ஏறாத அறை அதுதான். வேறு எங்கே வைத்தாலும் மர முகமூடி வெடித்துவிடும். இத்தனை வருஷமும் பாட்டு இறங்கும்போதெல்லாம் அந்தச் சலங்கைகள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. பழைய பிளேயரின் உறுமலில் யாருக்கும் கேட்கவில்லை. புதிது உறுமவில்லை, அதனால் கேட்டது.

லோனி துள்ளிக் குதித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

“அப்பா, பேரிங் இல்ல, சலங்கை! பீரோவத் தொறந்து உடுப்ப எடுத்துட்டா சரியாயிடும்.”

சேவரின் கடிகாரச் சங்கிலியில் தொங்கிய பீரோச் சாவியைக் கையால் மூடிக்கொண்டார். பத்தொன்பது வருஷமாகக் கோமாளிச் சங்கத்துக்குத் தலைவர் அவர். திருவிழா முடிந்து சாம்பல் புதனன்று உள்ளே போன உடுப்பு, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் தூசி தட்ட வெளியே வர வேண்டும். அதற்கு முன்னால் யார் வீட்டுச் சலங்கை ஒலித்தாலும் சங்கத்துக்கு ஒரு பீப்பாய் பீர் அபராதம். எத்தனையோ பேருக்கு விதித்தவர். தான் ஒரு தடவைகூடக் கட்டாதவர்.

“ஜனவரி ஆறு வரைக்கும் இந்த வீட்டுல பீரோ இல்ல” என்றார்.

“அந்த மூலைல நிக்கிறது என்னவாம்?”

“ஒண்ணும் நிக்கல.”

“வந்து காத வச்சுப் பாருங்களேன்.”

“இல்லாத பீரோவுல காத எங்க வைக்கறது?”

“அப்ப பிளேயர வேற ரூமுக்குக் கொண்டுபோறேன்.”

“ஸ்பீக்கர் செவுத்துல கட்டியிருக்கு. செவுத்தையும் கொண்டுபோ.”

ஆய்கன் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இரண்டு பேரும் ஒரே குரலில், “நீ சும்மா இரு!” என்றார்கள்.

முப்பதாம் தேதி காலை சேவரின் வீகாண்டைக் கூட்டிவர ரயிலடிக்குக் கிளம்பினார். வண்டி தெரு முனை திரும்பியதுதான் தாமதம், லோனி ரொட்டிக்கடை ஃப்ரிடோலினையும் அவன் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கூப்பிட்டாள். ஃப்ரிடோலின் கோமாளிச் சங்கத்தின் துணைத் தலைவன். பீரோவைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

“ஐயோ லோனி, தொறந்தா தலைவர் என்னைத் தொலைச்சிடுவார்.”

“யாரு தொறக்கச் சொன்னா? தூக்கு. தூக்கக் கூடாதுன்னு சங்கத்துல எழுதியிருக்கா?”

ஃப்ரிடோலின் யோசித்தான். எழுதியிருக்கவில்லை.

நாலு ஆண்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். பீரோ ஒவ்வொரு அடிக்கும் ஜல்ஜல் என்றது. தெருவில் ஜன்னல்கள் திறந்தன. “என்னப்பா, இந்த வருஷம் திருவிழா முந்திக்கிச்சா?” என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல். படிக்கட்டின் திருப்பம் வரை வந்தது. அங்கே மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. ஆய்கனும் அந்த மூவரும் பீரோவுக்குக் கீழ்ப்பக்கம், லோனி மேல்பக்கம், தனியாக.

சரியாக அந்த நேரத்தில் வாசல் கதவு திறந்தது. சேவரின், பின்னால் நீள ஓவர்கோட்டில் வீகாண்ட்.

சேவரினுக்கு முகம் பீட்ரூட் ஆனது. “என்ன இது?”

“எது அப்பா? படிக்கட்டுல ஒண்ணும் இல்லியே” என்றாள் லோனி பீரோவுக்குப் பின்னாலிருந்து. “ஜனவரி ஆறு வரைக்கும்.”

ஃப்ரிடோலின் சிரிப்பை இருமலாக்கினான். வீகாண்ட் வடக்கத்திக்காரர், இந்தச் சங்கதி எதுவும் அவருக்குப் புரியவில்லை. “நான் பிளேயர் கேக்க வந்தேன்” என்றார், மரியாதையாக.

“நின்ன எடத்துலயே கேளுங்க. மேல கதவெல்லாம் தொறந்திருக்கு” என்று சொல்லிவிட்டு லோனி ஓடிப்போய் ஊசியை இறக்கினாள்.

ஆர்கன் எழுந்தது. சேவரின் பீரோவை எப்படியாவது அசைத்துவிடப் பார்த்து, தோளையும் கன்னத்தையும் அதன் மேல் சாய்த்து நின்றார். பாட்டு இறங்கியது, இன்னும் இறங்கியது, கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. அவர் காதருகே, பீரோவுக்குள்ளே, சில் என்றது.

“அது என்ன சத்தம்?” என்றார் வீகாண்ட்.

படிக்கட்டில் எல்லோரும் சேவரினைப் பார்த்தார்கள். சலங்கை என்றால் தலைவரே அபராதக்காரர். பேரிங் என்றால் ஒரு பொய்யில் பிளேயர் போச்சு, மருமகள் போச்சு, தண்ணி மீட்டர் வந்தாச்சு.

“எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றார் முதலில்.

லோனி மேலிருந்து கத்தினாள். “அப்பா! இங்க சுத்தமா இருக்கு. ஒரு சில்லும் இல்ல. அங்க கேக்குதா?”

பாட்டு மறுபடி இறங்கியது. மறுபடி சில். கிழவரின் மீசை ஆடியதாக ஆய்கன் பிற்பாடு சொன்னான். நெற்றியைப் பீரோவில் முட்டியபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் கேட்டாலும் அந்தப் பழைய உறுமல் வரவேயில்லை. உறுமல் இல்லாத பாட்டை அவர் அன்றுதான் முதல்முறையாக ஒத்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும்.

“கேக்குது” என்றார்.

“என்ன? காதுல விழல!”

“கேக்குதுன்னு சொல்றேனே! சலங்கை! என் வீட்டுச் சலங்கை! போதுமா?”

“குறிச்சுக்கிட்டேன் தலைவரே” என்றான் ஃப்ரிடோலின். “ஒரு பீப்பாய்.”

“ரெண்டாப் போட்டுக்கோ. தூக்கினதுக்கு ஒண்ணு, மாட்டவச்சதுக்கு ஒண்ணு.”

வீகாண்டுக்கு நின்ற இடத்தில் கேட்டது போதவில்லை. பட்டறை ஏணியைச் சுவரில் சாத்தினார்கள். ஓவர்கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனியில் ஏணி ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே போனார். லோனி கைகொடுத்து இழுத்தாள். ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு நாற்பது பிளேயர் வேண்டும் என்றார், ஒவ்வொன்றும் இதேபோல் இருக்க வேண்டும் என்றார், இறங்கும்போது ஏணியை யாராவது பிடித்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னார்.

பீரோ அசையவே இல்லை. உள்ளே இருப்பதை எடுத்தால் கனம் குறைந்து நகரும், எடுக்கக் கூடாது. இரண்டு பீப்பாய் போனாலும் சாவியைத் தர முடியாது என்று கிழவர் ஒற்றைக் காலில் நின்றார். அதனால் அந்த வாரம் முழுக்க டுஃப்னர் குடும்பம் ஏணி வழியாகத்தான் படுக்கப் போனது. கதையை வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு. பீரோவை அன்றைக்கே கோடாலியால் உடைத்தார்கள் என்பார்கள். தவறு. யாரும் எதையும் உடைக்கவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி தண்ணி மீட்டர் கம்பெனிக்காரர் ஒப்பந்தக் காகிதத்தோடு வந்தார். சேவரின் அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், ஒரு கையில் காப்பிப் பாத்திரம்.

“என்ன ஐயா, வீட்டுக்குள்ள படி இல்லையா?”

“இருக்கு. நெரிசல்” என்றார் சேவரின். “பட்டறையும் அப்படித்தான். நாடா வந்து எடத்த அடைச்சிடுச்சு. நீங்க வேற ஊர்ல பாருங்க.”

வந்தவர் காகிதத்தைப் பைக்குள் வைக்கும்வரை காத்திருந்துவிட்டு, சேவரின் மேல் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“லோனி! அந்தப் பட்டு நாடா எத்தனை அகலம் வெட்டணும்?”

“இறங்கி வந்து காட்டறேன் அப்பா. ஏணிய விட்டு நகருங்க.”