முழுசாகத் திறக்கும் கேட்

கூத்தாநல்லூரில் ஜெக்கரியாவின் கார் மேல் ஆடு ஏறி நின்ற காலையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கார் புதுசு இல்லை. யாரோ ஓட்டிய வண்டி. ஆனாலும் குவைத்திலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகு அவர் ஆசைப்பட்டு வாங்கியது. அதன் பானட்டின் மேல் ஒரு தாய் ஆடு, கூரையின் மேல் அதன் குட்டி. இரண்டும் அசை போட்டபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தபோதும் அவை அவசரப்படவில்லை. இவர் யார் என்பது போலப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கிப் போயின.

"ஏன் புள்ள, இந்த வீட்டுக்கு ஒரு கேட்டு இருந்துச்சே, என்னாச்சு?" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

"கழட்டி வெச்சிருக்கு" என்றார் மனைவி ரசியா பேகம், அடுப்படியிலிருந்து.

இந்தப் பதிலை ஜெக்கரியா ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா இறந்த பிறகு முதல் லீவில் வந்தபோது தூண் இரண்டும் மொட்டையாக நிற்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அப்போதும் இதே பதில்தான். ஏன் கழற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. லீவில் வருகிறவர் பெட்டியைப் பிரித்து, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்த் தலையைக் காட்டுவதற்குள் திரும்புகிற நாள் வந்துவிடும். கேட்டைப் பற்றி நினைக்க ஏது நேரம்?

குவைத்தில் அவர் பார்த்த வேலையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வண்டி உதிரிபாகங்கள் வைத்திருந்த பெரிய கோடவுன் ஒன்றில் கேட் பொறுப்பு அவருக்குத்தான். அவர் தலையை அசைக்காமல் ஒரு லாரி உள்ளே வராது, ஒரு நட்டு வெளியே போகாது. ஊருக்கே கதவு திறந்துவிட்ட மனுஷன், சொந்த வீட்டுக்கு ஒரு கேட் பார்க்கத் தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் முழித்தார்.

முழித்தாலும் விடுவதாக இல்லை. அதற்கு ஆடு மட்டும் காரணம் இல்லை. வீடு அவர் சம்பாத்தியத்தில் கட்டியது. ஆனால் அந்த வீட்டில் எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று அவருக்குத் தெரியாது. சர்க்கரை டப்பா என்று நினைத்து உப்பு டப்பாவைத் திறப்பார். பால்காரர் அவரைப் பார்த்தால் "அம்மா இல்லீங்களா?" என்று எட்டிப் பார்ப்பார். விருந்துக்கு வந்தவர் கிளம்ப மறந்துவிட்டது போல இருந்தது அவருக்கு. வெளியே சொல்லவில்லை, உள்ளுக்குள் வலித்தது. கேட் ஒன்றையாவது நாமே யோசித்து, நாமே முடிவு செய்து மாட்டிவிட்டால், இது நம் வீடு என்று ஆகிவிடும் என்று நம்பினார்.

வெல்டிங் பட்டறை செந்தில்குமார் வந்தான். டேப்பை இழுத்து அளந்தான். குனிந்து பாதையைப் பார்த்தான்.

"பாய், சாதாரண ரெண்டு கதவு கேட்டுன்னா உள்பக்கம் தொறக்கணும். ஆனா பாதை தெருவுலேருந்து உள்ள போகப் போக மேடா ஏறுதுங்களே. கதவு பாதியில போயி மண்ணுல முட்டிக்கும்."

அந்த மேட்டைப் பற்றி யாராவது பேசினால் ஜெக்கரியாவுக்கு முகம் மலர்ந்துவிடும். "அது நான் போட வெச்சது. பெருமழை பெஞ்ச வருஷம், தண்ணி கொல்லை வரைக்கும் வந்துடுச்சுன்னு வீட்டுல சொன்னாங்க. குவைத்துலேருந்து போன்லயே சொல்லி, ஒரு முழத்துக்கு மண்ணடிச்சு ஒசத்த வெச்சேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரல" என்றார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்கிற கதை அது. இந்த வீட்டில் அவர் எடுத்த ஒரே முடிவு அதுதான் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்லுவார்.

"சரிங்க பாய். அப்ப கதவைத் தரையிலேருந்து தூக்கி மாட்டணும்."

"எவ்வளவு தூக்கணும்?"

செந்தில்குமார் கையை வைத்துக் காட்டினான். அந்த இடைவெளியில் ஆட்டுக்குட்டி என்ன, தாய் ஆடே கொஞ்சம் மனசு வைத்தால் நுழைந்துவிடும். ஆட்டுக்காகப் போடுகிற கேட்டில் ஆட்டுக்கு வழிவிட்டால் ஊர் சிரிக்காதா?

வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போடலாம் என்றால், கதவு சாக்கடை மூடியைத் தாண்டித் தெருவில் போய் நிற்கும். எதிரே வருகிற ஆட்டோக்காரன் திட்டுவான். மகள் ஷமீரா திருச்சியிலிருந்து வீடியோவில் வந்து, "அத்தா, இப்பல்லாம் யாரு கதவு போடுறா? ஸ்லைடிங் போடுங்க, அப்படியே ஒதுங்கிப் போயிடும்" என்றாள். ஜெக்கரியாவுக்கு அது பிடித்துப்போனது. கோடவுனிலும் அப்படித்தான். ஆனால் கேட் ஒதுங்குவதற்குச் சுவர் வேண்டாமா? இடது பக்கச் சுவர் தெருக்குழாயோடு முடிந்துவிடுகிறது. வலது பக்கம் பக்கத்து வீடு.

அப்படியானால் மடக்குகிற கேட் என்றான் செந்தில்குமார். அதற்கு ரசியா பேகம், பேரப்பிள்ளைகள் வந்தால் விரலை உள்ளே விட்டு நசுக்கிக்கொள்ளும் என்றார். ரிமோட் வைக்கலாம் என்று ஷமீரா மறுபடி சொன்னாள். அன்று சாயங்காலமே கரண்ட் போய், ஜெக்கரியா இருட்டில் உட்கார்ந்து அந்த யோசனையைக் கைவிட்டார். தகடு அடித்தால் காற்று வராது, கம்பி போட்டால் தெருவே உள்ளே பார்க்கும். ஒற்றைக் கதவாகப் போட்டால் பாரம் தாங்காமல் தொங்கும் என்றார்கள். இரட்டைக் கதவாகப் போட்டால் நடுவில் தாழ்ப்பாள் பொருந்தாது என்றார்கள். பார்க்கிறவர்களெல்லாம் சொன்னார்கள். கேட் இல்லாத வீட்டுக்காரனுக்கு இலவச யோசனை சொல்ல யாருக்குத்தான் கசக்கும்?

பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் அடுத்தவர் வீட்டு கேட்டுகளையெல்லாம் நின்று பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் யார் வீட்டு கேட்டையோ திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டுவிட்டாள். சலாம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். படுத்தால் கேட், எழுந்தால் கேட். காலையில் ஸ்லைடிங் என்று செந்தில்குமாருக்கு போன் போடுவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வேண்டாம் என்று போடுவார். கடைசியில் செந்தில்குமார் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டு ஜெய்னுலாபுதீன் மட்டும் ஒரே பேச்சாக இருந்தார். வயதில் மூத்தவர், வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். எப்போது கேட்டாலும் இதைத்தான் சொல்வார்:

"எந்தக் கேட்டா வேணாலும் இருக்கட்டும் தம்பி. முழுசாத் தொறக்கணும்."

"கார் போற அளவுக்குத் தொறந்தாப் போதாதாண்ணே?"

"காரை விடு. முழுசாத் தொறக்கணும்."

வயசானவர், சொன்னதையே சொல்கிறார் என்று ஜெக்கரியா விட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள், தானே அளந்து பார்த்துவிடலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு தூணருகே போனார். அளக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தூணில் கீல் இருந்த இடத்தில் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. கீழ்க் கீல் வளைந்திருந்தது. எதிர்த் தூணிலும் அதே மாதிரி. பொறுமையாகக் கழற்றிய கேட் அல்ல இது. யாரோ கடப்பாறையைக் கொடுத்து நெம்பியிருக்கிறார்கள். கோடவுனில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு இதைப் பார்த்தால் தோன்றக்கூடியது ஒன்றுதான்.

"ரசியா! இங்க வா. கழட்டி வெச்சிருக்குன்னு எங்கிட்ட ஏன் பொய் சொன்ன? எவனோ ஒடச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கான். நான் அங்க வெயில்ல நின்னு சம்பாதிச்சு அனுப்புறேன், இங்க வீட்டுக் கேட்டைக்கூட உன்னால பாத்துக்க முடியல!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரசியா பேகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. ஆனால் பேசும்போது குரல் சின்னதாகத்தான் இருந்தது.

"யாரும் திருடல. ஜெய்னுலாபுதீன் அண்ணந்தான் நெம்புனாரு."

"அவரு எதுக்கு நெம்புறாரு?"

"மாமிக்காக. உங்க அம்மாவுக்காக."

ஜெக்கரியாவுக்குப் புரியவில்லை. டேப்பின் நாக்கு கையிலிருந்து நழுவிச் சுருண்டு உள்ளே போனது.

"மாமி மவுத்தான அன்னிக்கு நல்ல மழை. கொல்லையில குளிப்பாட்டி, கபன் துணி போட்டு, சந்தூக்குப் பெட்டியில வெச்சுத் தூக்கிட்டாங்க. கேட்டுகிட்ட வந்தா, கதவு பாதிக்கு மேல போகல. ஒரு ஆளு நுழையலாம், அதுவரைக்கும் நமக்கு அது போதுமா இருந்துச்சு. தோள் குடுத்தவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க, சந்தூக்கு எப்படி நுழையும்? தூக்குனவங்க அப்படியே நிக்கிறாங்க. கீழ எறக்க யாருக்கும் மனசு வரல. மழை கொட்டுது. மாமி நனைஞ்சுகிட்டே நிக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. அப்பத்தான் அண்ணன் ஓடிப் போயி கடப்பாறை எடுத்துட்டு வந்தாரு."

"நல்லாத்தானே தொறக்கும் அது? ஏன் பாதியில நின்னுச்சு?"

ரசியா பேகம் பாதையைப் பார்த்தார். ஜெக்கரியாவும் பார்த்தார். காலடியில் அந்த மேடு இருந்தது. போனிலேயே சொல்லி ஒரு முழம் உயர்த்தியது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார்.

"போன்ல எப்படிங்க சொல்றது? வந்து சேர முடியலன்னு நீங்க அங்க ஒத்தையா உக்காந்து அழுதுகிட்டிருந்தீங்க. நல்லபடியா அடக்கியாச்சுன்னு சொன்னோம். லீவுல வந்தப்ப நீங்களே கேட்டீங்க, கேட்டு எங்கன்னு. கழட்டி வெச்சிருக்குன்னேன். ஏன்னு கேப்பீங்க, சொல்லலாம்னு பாத்தேன். நீங்க கேக்கல. அப்புறம் எனக்கும் திரும்ப மாட்ட மனசு வரல. மாமி போன வழி, அதைச் சாத்திவெக்க எனக்குக் கை வரல."

ஜெக்கரியா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கடைசிப் பயணத்தில் தோள் கொடுக்க முடியவில்லையே என்று இத்தனை வருஷமும் வருந்தியிருக்கிறார். இப்போது, தோள் கொடுத்தவர்களையும் மழையில் நிறுத்தி வைத்தது தன் பேச்சுதான் என்று தெரிந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதார். ரசியா பேகம் அழ விட்டார்.

பிறகு அவரைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிணற்றடிக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதன் மேல் இரண்டு கேட் கதவுகளும் படுத்திருந்தன. மேலே பழைய வேட்டி விரித்து வெங்காய வடகம் உருட்டிக் காய வைத்திருந்தார். வந்த நாளிலிருந்து ஜெக்கரியா தினமும் பல் துலக்க வருகிற இடம்தான். ஏதோ கட்டில் என்று நினைத்திருந்தார்.

"நீங்க லீவு முடிஞ்சு போறப்பல்லாம் கட்டிக் குடுத்தேனே, அந்த வடகமெல்லாம் இதுல காஞ்சதுதான்" என்றார் ரசியா பேகம்.

அழுத முகத்தோடு ஜெக்கரியாவுக்குச் சிரிப்பும் வந்தது.

மறுநாள் செந்தில்குமார் வந்து, எந்த மாடல் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "கேட்டு இருக்குடா. பாதைதான் சரியில்ல" என்றார் ஜெக்கரியா. அவன் விழித்தான். அவர் மண்வெட்டியை எடுத்துவந்து, கேட் திறக்கிற அகலத்துக்கு மேட்டை வெட்ட ஆரம்பித்தார். தான் போட்ட மண்ணைத் தானே அள்ள வேண்டும் என்று பிடிவாதமாக ஆள் வைக்க மறுத்துவிட்டார். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமே என்றார்கள். ஒரு குழாய் புதைத்துச் சாக்கடையில் விடலாம், அப்படியும் நின்றால் நிற்கட்டும் என்றார்.

செந்தில்குமார் துருவைச் சுரண்டி, புதுக் கீல் வைத்துப் பற்றவைத்தான். மாட்டுகிற அன்று ஜெய்னுலாபுதீன் கடப்பாறையோடு வந்துவிட்டார். அதே கடப்பாறைதான்.

"எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்?"

"நெம்புனவனே மாட்டியும் விடணும்ல" என்று கதவுக்கு அடியில் கடப்பாறையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

இரண்டு கதவுகளும் ஏறின. ஜெக்கரியா ஒவ்வொன்றாகத் தள்ளினார். எங்கும் முட்டவில்லை. இரண்டும் போய்ச் சுவரைத் தொட்டு நின்றன. ஜெய்னுலாபுதீன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஜெக்கரியா கை கால் கழுவிக்கொண்டு தொப்பியைப் போட்டார். கொல்லைக்குப் போய், கிணற்றடியிலிருந்து நடக்க ஆரம்பித்தார். பாதை வழியாக, திறந்த கேட்டின் நடுவாக, தெருவில் இறங்கி, பள்ளிவாசலை ஒட்டி அடக்கம் செய்கிற மையத்தாங்கொல்லையை நோக்கி மெதுவாகப் போனார். அம்மாவின் கபருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். இந்த வழியாக இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை.

எங்கே போகிறீர்கள் என்று ரசியா பேகம் கேட்கவில்லை. ஆடுகள் கேட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வரிசையாக வந்தன. அவர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வந்து கேட் அருகில் நின்றார். ஜெக்கரியா திரும்பி வரும்வரை அங்கேயே நின்று ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார். கேட்டை மட்டும் சாத்தவில்லை.