வேப்பெண்ணெய் தடவிய கடலை

ஆலங்குடிக்குப் போகும் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. சாலையின் ஒரு பக்கம் தைலமரக்காடு. மறுபக்கம் உழுதுபோட்ட செம்மண் நிலம்; புழுதி பறக்கிறது. வரப்பு மரத்தடியில் ஒரு பெண் சாக்கை விரித்து, உடைத்த விதைக்கடலையை நிழலில் உலர்த்திக்கொண்டிருக்கிறார்.

வெயிலுக்கு ஒதுங்கிய நான், கைப்பழக்கத்தில் ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுவிடுகிறேன். குமட்டும் கசப்பு.

"துப்புங்க, துப்புங்க! வேப்பெண்ணெ தடவியிருக்கேன்." தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். "மேகத்த நம்பி ஒடைச்சுப்புட்டேன். மழை அங்கிட்டுப் போயிருச்சு."

"பூச்சி அரிக்காம இருக்கவா?"

"பூச்சி எவ்வளவுங்க திங்கும்? போன வருசமும் இப்படித்தான் மழைக்குக் காத்துக் கெடந்தோம். ரேசன் அரிசி மாசக் கடைசி வரைக்கும் காணல. வெதைக்கடலைய கையளவு கையளவா வறுத்துத் தின்னே தீத்துட்டோம். மழை பேஞ்சப்ப வெதைக்க ஒண்ணுமில்ல."

"இந்தத் தடவை பிள்ளைங்க எடுத்துரக் கூடாதுன்னு தடவிட்டீங்க."

பருப்பைக் கிளறிய கை நிற்கிறது.

"புள்ளைக சொன்னாக் கேட்டுக்கும்ங்க. பசி வந்தா என் கைதான் கேக்க மாட்டேங்குது."